பக்கத்துப் பாத்தியில் மட்டும் ஏன் பேன் பெருகவில்லை?

கோத்தகிரியில் இருக்கும் சித்தி பையன் வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ அனுப்பியிருந்தான். முதல் போட்டோவில் ஒரு ஸ்ட்ராபெர்ரி இலை. மேல்பக்கம் முழுக்க ஊசியால் குத்திய மாதிரி வெளிறிய புள்ளிகள், அடிப்பக்கத்தில் மெல்லிய நூலாம்படை. இரண்டாவது போட்டோவில் பச்சைப்பசேல் என்று இன்னொரு இலை. கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, ரெண்டும் ஒரே தோட்டம். நடுவுல ஒன்றரை அடி இடைவெளிதான். ஒண்ணு மட்டும் ஏன் இப்படி?"

நான் வழக்கம்போலத் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டேன். உடனே போன் போட்டு, "சொட்டுநீர்க் குழாய் எங்கயாவது அடைச்சிருக்கா பாரு" என்றேன்.

"பார்த்துட்டேன்க்கா. ரெண்டுக்கும் ஒரே லைன், ஒரே உரம், ஒரே நாள்ல நட்டது. ரகம் மட்டும்தான் வேற."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

அவனுடையது இருபது சென்ட் குத்தகை நிலம், மேலே பாலித்தீன் கூரை. நாற்று வாங்குவதற்காக அவன் மனைவியின் வளையல் வங்கியில் அடகில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்கு வரும் கூட்டத்தை நம்பித்தான் அவன் கணக்கு எல்லாம். இது மார்ச் மாதம். பேன் ஜெயித்துவிட்டால் சீசன் தொடங்கும்போது விற்கப் பழம் இருக்காது.

முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடுவோம். பேன் என்று சொன்னாலும் இது பூச்சி இல்லை, எட்டுக்கால் பிராணி. சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தக்காரன். உடம்பு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதுகின் இரண்டு பக்கமும் கறுப்பாக ஆளுக்கொரு திட்டு தெரியும். அதனால்தான் இதற்கு 'இரு புள்ளி சிலந்திப் பேன்' என்று பெயர். அந்தப் புள்ளிகள் தோலில் இருக்கும் நிறம் இல்லை. கண்ணாடி மாதிரியான உடம்புக்குள் இருக்கும் சாப்பாடுதான் வெளியே அப்படித் தெரிகிறது! நீலகிரியில் தேயிலைக்காரர்கள் 'ரெட் ஸ்பைடர்' என்று ஒன்றைச் சொல்வார்கள். அது வேறு இனம், ஆனால் ஒரே குடும்பம்.

ஊசி போன்ற வாயால் இலையின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு செல்லாகக் குத்தி உறிஞ்சும். ஒரு குத்துக்கு ஒரு வெளிறிய புள்ளி. ஆயிரம் செடிகளுக்கு மேல் இதன் சாப்பாட்டுப் பட்டியலில் உண்டு. வெண்டை, கத்தரி, அவரை, ரோஜா, பப்பாளி என்று உங்கள் மாடித் தோட்டத்தில் இருப்பதில் பாதி அதில் அடங்கும். இத்தனை செடிகளின் இத்தனை விஷங்களை எப்படிச் செரிக்கிறது? 2011-ல் இதன் மரபணுத் தொகுப்பை முழுமையாகப் படித்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். நஞ்சை முறிக்கும் மரபணுக்கள் இதற்கு ஏராளமாக இருப்பது அதில் தெரியவந்தது. நாம் அடிக்கும் மருந்துகளை இது சீக்கிரமே பழகிக்கொள்வதற்கும் அதில் ஒரு விடை இருக்கிறது.

இதன் குடும்பக் கதையும் விசித்திரம்தான். ஆணுடன் சேராத பெண்ணும் முட்டையிடும், அவை எல்லாம் ஆணாகவே பொரிக்கும். சேர்ந்த பிறகு இடும் கருவுற்ற முட்டைகள் பெண்ணாகும். அதாவது காற்றில் நூல் பிடித்துப் பறந்து வந்த ஒற்றைப் பெண் பேன் போதும், உங்கள் தோட்டத்தில் ஒரு ஊரே உருவாகிவிடும். இருபத்தைந்து, முப்பது டிகிரி வெயிலில் முட்டையில் தொடங்கி, வளர்ந்து, அதுவே முட்டையிடும் வரைக்கும் எட்டு முதல் பன்னிரண்டு நாள் போதும். குளிரில் இது இரட்டிப்பாகும். கோத்தகிரி குளிர்ந்த ஊர்தான். ஆனால் மார்ச் மாத மதியத்தில் பாலித்தீன் கூரைக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே குளிர் கிடையாது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். ரகம் மாறினால் பேன் ஏன் குறைய வேண்டும்?

ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதிக்கும் முறை எளிமையானது. ஒவ்வொரு ரகத்திலிருந்தும் இலையை வட்டமாக வெட்டி, ஈரப் பஞ்சின் மேல் அடிப்பக்கம் மேலே தெரியும்படி வைப்பார்கள். ஈரம் சுற்றிலும் இருப்பதால் பேன் தப்பி ஓட முடியாது. ஒரு வட்டத்துக்கு ஒரு பெண் பேன். தினமும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, எத்தனை முட்டை, எத்தனை பொரித்தது, குஞ்சு பெரிதாக எத்தனை நாள், தாய் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று நோட்டில் எழுதுவார்கள். கழுத்து வலிக்கும் வேலை. இந்த எல்லாக் கணக்கையும் சேர்த்து ஒரே எண்ணாக்க ஒரு வழி உண்டு. மனித மக்கள்தொகைக் கணக்கில் இருந்த முறையை, 1948-ல் ஆஸ்திரேலியாவின் எல்.சி. பிர்ச் என்ற உயிரியலாளர் பூச்சிகளுக்குப் பொருத்திக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது நம் வீட்டு அரிசி டப்பாவில் வரும் கூன்வண்டு! ஒரு பூச்சிக் கூட்டம் ஒரு நாளைக்கு என்ன வேகத்தில் பெருகும் என்பதுதான் அந்த எண்.

வங்கியில் பணம் போட்டவர்களுக்கு இது புதிதில்லை. கூட்டு வட்டிதான். வட்டி விகிதத்தில் சின்ன வித்தியாசம் இருந்தால் முதல் வருஷம் தெரியாது, பத்தாவது வருஷம் தெரியும். பேனுக்கு வருஷம் வேண்டாம், வாரம் போதும்.

ஒரு மனக்கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு ரகத்தில் பேன் மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிக்கிறது, இன்னொன்றில் நான்கு நாளைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் பத்துப் பேன்களோடு தொடங்குகிறோம். 36 நாள் கழித்து நான்கு நாள் கணக்கில் 5,120 இருக்கும். மூன்று நாள் கணக்கில் 40,960! ஒரே ஒரு நாள் தாமதத்துக்கு எட்டு மடங்கு வித்தியாசம்.

இதில் இன்னொரு விஷயம் எனக்கே படிக்கும்போது ஆச்சரியமாக இருந்தது. பெருக்க வேகத்தைத் தீர்மானிப்பதில் மொத்த முட்டை எண்ணிக்கையைவிட, முதல் முட்டை எந்த நாளில் வருகிறது என்பதற்குப் பலம் அதிகம். பேத்தி சீக்கிரம் பிறந்தால் கொள்ளுப்பேத்தியும் சீக்கிரம் பிறப்பாள் இல்லையா? அதனால் ஒரு ரகம் பேனைக் கொல்லவே வேண்டாம். குஞ்சு பெரிதாவதை ஓரிரு நாள் தள்ளிப்போட்டாலே போதும்.

எப்படித் தள்ளிப்போடுகிறது? இலைக்குள் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் ஒரு வழி. வெற்றிலைப் பாக்கு, நெல்லிக்காய் மாதிரி வாயை இழுக்கும் அந்தப் பொருட்கள் அதிகமிருந்தால், உறிஞ்சிய சாறு பேனுக்குச் சரியாகச் செரிக்காது. இலையின் அடியில் இருக்கும் ரோமங்கள் இன்னொரு வழி. சில ரோமங்களின் நுனியில் ஒட்டும் பசை இருக்கும், சின்னப் பிராணிக்கு அதில் நடப்பது சேற்றில் நடப்பது மாதிரி. இலையில் தழைச்சத்து எவ்வளவு என்பதும் சேரும். சத்தான சாறு கிடைத்தால் முட்டை கூடும்.

கன்சாஸ் மாநிலத்தின் ரெஜினால்ட் பெயின்டர் 1951-ல் எழுதிய பயிர் எதிர்ப்புப் புத்தகத்தில் இதையெல்லாம் மூன்று குணங்களாகப் பிரித்தார். பேன் அங்கே தங்கவே விரும்பாதது ஒன்று. தங்கினாலும் வளரவிடாதது இரண்டாவது. மூன்றாவதுதான் நம்மை ஏமாற்றும். பேன் அதே அளவு இருக்கும், செடி அதைத் தாங்கிக்கொண்டு பச்சையாகவே நிற்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளி எத்தனை நாள் தங்கினாலும் முகம் சுளிக்காத சில அத்தைகள் இருப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி.

இந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. தம்பியின் பச்சைப் பாத்தி எந்த ஜாதி? பேன் வளராத பாத்தியா, இல்லை பேனைத் தாங்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் அனுப்பிவைக்கும் பாத்தியா? போட்டோவில் இலையின் மேல்பக்கம் மட்டும்தானே தெரிந்தது!

"நகைக்கடைக்காரர் வைக்கிற மாதிரி ஒரு லென்ஸ் வாங்கு. ரெண்டு பாத்தியிலயும் பத்துப் பத்து இலை. கீழ் இலையும் வேணும், நடு இலையும் வேணும். அடிப்பக்கம் திருப்பி எண்ணு, முட்டையையும் சேர்த்து. ஞாயித்துக்கிழமைக்கு ஒருதரம் எண்ணி நோட்ல எழுது" என்றேன்.

"மருந்து அடிச்சா முடிஞ்சுடுமேக்கா. எண்ணி என்ன பண்றது?"

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கோபப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகுதான் வெளியே வந்தது. ஜனவரியிலேயே புழுவுக்கு என்று கடையில் கொடுத்த ஒரு மருந்தை இரண்டு முறை தெளித்திருக்கிறான். பைரித்ராய்டு வகை மருந்து. புழு செத்தது உண்மை. கூடவே சிலந்திப் பேனைத் தின்னும் இரைவிழுங்கிப் பேன்களும், குட்டி வண்டுகளும் செத்திருக்கும். சிலந்திப் பேன் அதில் அவ்வளவாகச் சாகாது. போலீஸை அனுப்பிவிட்டுத் திருடனை உள்ளே பூட்டி வைத்த கதை. இந்த வகை மருந்துக்குப் பிறகு சிலந்திப் பேன் பொங்கி எழுவது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம்.

இரைவிழுங்கிகளில் பெயர் பெற்ற ஒன்றின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ் என்பது அதன் நீளமான பெயர். ஆரஞ்சு நிறம், சிலந்திப் பேனைத் தவிர வேறு சாப்பிடாது. 1950-களின் இறுதியில் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளில் தெரியாமல் ஒட்டிக்கொண்டு போனது. இன்று பல நாடுகளில் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நாம் சாப்பிடும் பெரிய ஸ்ட்ராபெர்ரியின் ஒரு பாட்டியும் சிலிக்காரிதான். ஸ்பெயின்காரர்களின் துறைமுகங்களை வேவு பார்க்கப் போன பிரெஞ்சு ராணுவ இன்ஜினீயர் பிரெசியே, 1714-ல் திரும்பும்போது அங்கிருந்து சில செடிகளைக் கொண்டுவந்தார். எல்லாமே பெண் செடிகள், தனியாகக் காய்க்கவில்லை. வட அமெரிக்க ஸ்ட்ராபெர்ரிக்குப் பக்கத்தில் இருந்தபோது இரண்டும் கலந்து, இன்றைய பழம் பிறந்தது. அந்தச் சிலிப் பாட்டியின் காட்டு வகைகள் சிலவற்றில் பேன் எதிர்ப்பு நன்றாக இருப்பதைப் பார்த்து, அந்தக் குணத்தைப் புது ரகங்களுக்குக் கொண்டுவர முயற்சி நடந்திருக்கிறது.

"அப்போ எதிர்ப்பு உள்ள ரகத்தையே எல்லாரும் நடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். தம்பியும் கேட்டான். அது அவ்வளவு சுலபமில்லை.

வெள்ளரிக்காயைப் பாருங்கள். வெள்ளரிச் செடியின் இலை கசப்பாக இருந்தால் சிலந்திப் பேன் அதில் நன்றாக வளராது. கசப்பு இல்லாத செடியில் கொண்டாட்டம் போடும். சரி, கசப்புச் செடியையே வைப்போம் என்றால், அமெரிக்காவில் வெள்ளரி வண்டு என்று ஒன்று உண்டு. அதற்குக் கசப்புதான் பாயசம்! இரண்டையும் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு என்று 1971-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். ஒருத்தனுக்குக் கதவைச் சாத்தினால் இன்னொருத்தனுக்குத் திறக்கிறது.

ரோமமும் அப்படித்தான். பேனைத் தடுக்கும் அதே பசை ரோமம், பேனைத் தின்ன வரும் இரைவிழுங்கியையும் தடுக்கிறது. தக்காளித் தண்டைத் தொட்டால் கை பிசுபிசுக்கும் இல்லையா? அதில் இரைவிழுங்கிப் பேன்கள் சிக்கித் தவிக்கும். ஆனால் மரவள்ளியில் கதை தலைகீழ். அங்கே நுனிக்குருத்தில் ரோமம் நிறைய உள்ள ரகங்களில்தான் பேனைத் தின்னும் நல்ல பேன் குடியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் மரவள்ளியைக் காப்பாற்ற 1990-களில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம் அது. ஆக, ரோமம் நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லை. எந்தச் செடி, எந்த ரோமம், யார் நடக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

போதாக்குறைக்குப் பேனும் சும்மா இருக்காது. பிரெட் கூல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பேனுக்கு ஒத்துக்கொள்ளாத கசப்பு வெள்ளரியிலேயே தலைமுறை தலைமுறையாகப் பேன்களை வளர்த்துப் பார்த்தார். அவை பழகிக்கொண்டன. 1979-ல் அதை எழுதினார். பக்கத்து அவரைப் பந்தலிலிருந்து நேற்று வந்த பேனும், ஸ்ட்ராபெர்ரியிலேயே பரம்பரையாக வாழ்ந்த பேனும் ஒன்றில்லை. இந்த ரகம்தான் உசத்தி என்று ஓர் ஊரில் போட்ட பட்டியல் அடுத்த ஊரில் மாறிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். தம்பியின் இரண்டு ரகங்களின் பெயரையும் நான் இங்கே எழுதாததும் அதனால்தான். ஒரு தோட்டத்துப் பாத்தியை வைத்துத் தீர்ப்பு எழுதினால், நாளைக்கு யாராவது அதை நம்பி நாற்று வாங்குவார்கள்.

முதல் ஞாயிறு எண்ணிப் பார்த்தான். இரண்டு பாத்தியிலும் பேன் இருந்தது. பச்சைப் பாத்தியில் கம்மி, ஆனால் இருந்தது. இரண்டாவது ஞாயிறு வெளிறிய பாத்தியில் சில இலைகளில் எண்ணுவதையே விட்டுவிட்டான். பச்சைப் பாத்தியில் முட்டை கொஞ்சம் கூடியிருந்ததே தவிரப் பெரிய மாற்றம் இல்லை. என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. தாங்கிக்கொள்ளும் அத்தை இல்லை, நிஜமாகவே வளரவிடாத ரகம்.

"அப்போ மோசமான பாத்தியைப் பிடுங்கிப் போட்டுடவா?"

"கண்டிப்பா வேண்டாம்!"

இது முக்கியம், மாடித் தோட்டக்காரர்களும் கவனியுங்கள். பேன் அப்பிய செடியைப் பிடுங்கிப் பக்கத்தில் போட்டால், இலை காயக் காயப் பேன்கள் இறங்கி நடந்து அடுத்த செடிக்குப் போகும். நூல் விட்டுக் காற்றிலும் போகும். மெதுவாகப் பெருகும் ரகமானாலும், தினமும் ஆயிரக்கணக்கில் அகதிகள் வந்தால் எத்தனை நாள் தாங்கும்?

அதனால் வேறு வழியில் போனோம். கூலி ஆள் இல்லை, புருஷனும் பெண்டாட்டியுமாக அதிகாலையில் குனிந்து, மோசமான பாத்தியில் அடியில் இருந்த பழைய இலைகளைக் கிள்ளி, அங்கேயே சாக்கில் போட்டு வாயைக் கட்டி வெளியே எடுத்தார்கள். நல்ல பாத்தி வேலையை முதலில் முடித்துவிட்டுத்தான் மோசமான பாத்திக்குள் போக வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தேன். சட்டையிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வருமே! தழைச்சத்து உரத்தைக் குறைத்தான். பாதையில் புழுதி பறக்காமல் தண்ணீர் தெளித்தான், புழுதி படிந்த இலையில் பேன் கொண்டாட்டமாக இருக்கும். கூரையின் பக்கவாட்டைச் சுருட்டிவிட்டு மதியச் சூட்டைத் தணித்தான். புழு மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டியது அவன் மனைவி.

பேனுக்கென்றே உள்ள மருந்து ஒன்றை, தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு, மோசமான பாத்திக்கு மட்டும் ஒரு முறை தெளித்தான். தெளித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று லேபிளில் போட்டிருக்கும். அத்தனை நாளும் பழுத்த பழத்தைப் பறித்துக் குழியில் போட்டான். பார்க்க வயிறு எரிந்தது என்றான். தோல் உரிக்காமல் குழந்தைகள் அப்படியே வாயில் போடும் பழம் இது. அந்த நாட்களில் பறித்ததை விற்றிருந்தால் நான் அவனோடு பேசியிருக்க மாட்டேன்.

உங்கள் வீட்டுத் தொட்டியில் சந்தேகம் என்றால், ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது நடந்தால் அது தூசி இல்லை.

நேற்று இரவு தம்பி பேசினான். அந்தப் பாத்தியில் புதுக் குருத்து சுத்தமாக வருகிறதாம், பாதிச் செடி போனது போனதுதான். பச்சைப் பாத்தியிலிருந்து டப்பா போட ஆரம்பித்துவிட்டான்.

"அடுத்த வருஷம் முழுக்க அந்த ரகமே போட்டுடலாமாக்கா?"

"பழம் எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதுதான்க்கா... மோசமான பாத்திப் பழம்தான் தித்திப்பு. டூரிஸ்ட் ருசி பாத்துட்டு அதைத்தான் கேக்கறாங்க."

நான்கில் மூன்று பாத்தி பேன் பெருகாத ரகம், ஒரு பாத்தி தித்திப்பு ரகம், அதையும் காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கத்து மூலையில் என்று இப்போதைக்கு முடிவு. தித்திப்புப் பாத்தியில் ஞாயிற்றுக்கிழமை லென்ஸ் உத்தியோகம் அவன் ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு. இப்போதே அப்பாவைவிட வேகமாக எண்ணுகிறாளாம்.

(அடுத்த வாரம்: செம்பருத்தியில் வெள்ளையாக அப்பும் மாவுப்பூச்சியும், அதற்குக் காவல் நிற்கும் எறும்பும்.)